ஆஸ்பத்திரிக் கணக்கும் நம் கையிலுள்ள அட்டையும்

(மலாக்கா, செங்கில் கூடிய தோட்டத் தொழிலாளர், கிராணிமார் முன்னிலையில் ஆற்றிய உரை)



விடியுமுன் எழுந்து பெரட்டுக்குப் போய், வெட்டு முடித்து, பால் எடுத்து, ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்து, வீட்டுக்குப் போய்த் தலைக்கு ஊற்றிக்கொண்டு இந்த வெயிலில் இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். ஆகவே சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வந்துவிடுகிறோம்.

சில தோட்டங்களில் நிர்வாகம் ஒரு யோசனையைக் கிளைக் காரியதரிசிகளிடம் மெல்லச் சொல்லி வருகிறது. தோட்டத்து மருந்தகத்தை மூடிவிடலாம். டிரசர் ஓய்வு பெற்றுப் போனால் அந்த இடத்துக்கு வேறு ஆள் வைக்க வேண்டாம். அதற்குப் பதிலாக ஆளுக்கொரு மருத்துவக் காப்புறுதி அட்டை தருகிறோம், விருப்பமான ஆஸ்பத்திரிக்குப் போய் ராஜா மாதிரி படுத்துக்கொள்ளுங்கள் என்பதுதான் யோசனை. இளைஞர்களுக்கு இது இனிக்கிறது. வயதானவர்கள், "டிரசர் இல்லாத தோட்டமா?" என்று தலையைச் சொறிகிறார்கள். சங்கம் இதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். அதற்கு முன்னால், ஓர் ஆஸ்பத்திரிக்குக் காசு எங்கிருந்து வருகிறது, வருகிற வழி மாறினால் அந்த ஆஸ்பத்திரியின் குணம் எப்படி மாறுகிறது என்பதை நாம் புரிந்துகொள்ள வேண்டும். அட்டை நல்லதா கெட்டதா என்பது அதற்கு அப்புறம்தான்.

நாங்கள் நேரில் பார்த்த ஒரு சம்பவத்தை முதலில் சொல்கிறோம். அங்கத்தினர் ஒருவருக்கு நள்ளிரவில் நெஞ்சுவலி. பெயர் வேண்டாம். மகன் தொழிற்சாலையில் வேலை செய்கிறவன். கம்பெனி கொடுத்த அட்டையில் தகப்பன் பெயரும் இருந்தது. ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். முகப்பில் கேட்ட முதல் கேள்வி, "கார்டா, கேஷா?" என்பது. அட்டையைக் கொடுத்தான். காப்புறுதிக் கம்பெனியின் உத்தரவாதக் கடிதம் வரும்வரை ஒரு நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். கடிதம் வந்தது, அதன்பின் வைத்தியம் நன்றாகத்தான் நடந்தது, அதை மறைப்பதற்கில்லை. ஐந்தாம் நாள் அட்டையின் வருட வரம்பு தீர்ந்துவிட்டது என்றார்கள். மேற்கொண்டு இருப்பதானால் முன்பணம் கட்ட வேண்டும். மகன் கையில் பணம் இல்லை. அன்று மாலையே அரசாங்க ஆஸ்பத்திரிக்கு மாற்றினோம். மீதி வைத்தியம் முழுவதும் அங்கேதான் நடந்தது. பில்லைப் பிறகு எங்களிடம் காட்டினார்கள். பஞ்சு, கையுறை, ஊசி, குழாய் என்று பக்கம் பக்கமாக இருந்தது. கணக்கு எழுதிப் பழகிய கிராணி ஒருவர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "நம் ஸ்டோரில் கூட இவ்வளவு சாமான் இல்லையே" என்றார்.

இதில் யார் குற்றவாளி? அந்த ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டர் கெட்டவரல்லர். தாதிகள் கெட்டவர்களல்லர். அவர்களுக்குப் பணம் வருகிற வழி அப்படி அமைந்திருக்கிறது.

பழைய காலத்துக்குப் போவோம். நம் பாட்டன் பூட்டன் கப்பலேறி வந்த நாளில் ரப்பர்த் தோட்டம் என்றால் காய்ச்சல்தான். 1911ஆம் ஆண்டில் கூட்டரசு மலாய் மாநிலத் தோட்டங்களில் இருந்த இந்தியத் தொழிலாளர்களில் ஆயிரத்துக்கு 60 பேருக்கு மேல் ஒரே வருடத்தில் மாண்டார்கள். அதே ஆண்டில்தான் தோட்டத் தொழிலாளர் சுகாதாரப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஆஸ்பத்திரி வைப்பது முதலாளியின் கடமையாயிற்று. இரக்கத்தால் மட்டும் வந்ததல்ல அது. செத்த ஆளுக்குப் பதில் புது ஆளைக் கொண்டுவரக் கப்பல் கூலியும் ஆள்கட்டும் செலவும் பிடித்தது. சதுப்பில் தண்ணீரை வடித்துவிட்டால் மலேரியா குறையும் என்று கிள்ளானில் டாக்டர் மால்கம் வாட்சன் 1901 முதல் செய்து காட்டினார். கால்வாய் வெட்டும் செலவு, சாவுச் செலவைவிடக் குறைவு என்று கணக்குப் பார்த்த துரைமார் வெட்டினார்கள். கணக்குப் பார்க்காத துரைமார் வெட்டவில்லை.

தோட்டத்து ஆஸ்பத்திரியின் பலமும் பலவீனமும் இதிலேயே அடங்கியிருந்தது. செலவு முழுவதும் தோட்டத்தின் கணக்குப் புத்தகத்தில் ஒரு வரி. ரப்பர் விலை ஏறினால் அந்த வரி நீளும். 1930களின் ஆரம்பத்தில் விலை விழுந்தபோது அந்த வரியில்தான் முதலில் கத்தி வைத்தார்கள். பல தோட்டங்கள் சேர்ந்து ஒரு குழு ஆஸ்பத்திரி நடத்துவதும் செலவைப் பங்கு போட்டுக்கொள்ளத்தான். இருந்தாலும் ஒன்றை மறுக்க முடியாது. லயத்திலிருந்து பத்து நிமிஷ நடையில் டிரசர் இருந்தார். குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் இரவிலும் கதவைத் தட்டலாம். யாரும் "கார்டா, கேஷா?" என்று கேட்டதில்லை. கொய்னா மருந்தின் கசப்பும், கையெழுத்து வாங்காமல் வேலைக்குப் போகக் கூடாது என்ற அவருடைய அதட்டலும் வயதானவர்களுக்கு இன்னும் நினைவிருக்கும்.

இந்த நேரத்தில் அமெரிக்காவில் நடந்த ஒரு கதையைச் சொல்ல வேண்டும். இன்று அட்டை, பேனல் கிளினிக் என்று நாம் காணும் ஏற்பாட்டின் வேர்களில் ஒன்று அங்கேதான் இருக்கிறது. அதுவும் ஒரு கூலிக்காரர் லயத்தில்தான் இருக்கிறது.

1933ஆம் ஆண்டு. லாஸ் ஏஞ்சல்ஸ் பட்டணத்துக்குக் கொலராடோ ஆற்றுத் தண்ணீரைக் கொண்டுவரப் பாலைவனத்தின் குறுக்கே கால்வாய் வெட்டிக்கொண்டிருந்தார்கள். ஆயிரக்கணக்கான தொழிலாளிகள். அருகில் வைத்தியம் கிடையாது. சிட்னி கார்பீல்ட் என்ற இளம் டாக்டர் கடன் வாங்கி, மணல் காட்டில் 12 படுக்கை கொண்ட ஓர் ஆஸ்பத்திரியைக் கட்டினார். வேலை நிறைய வந்தது, காசு வரவில்லை. விபத்துக்குப் பணம் கொடுக்க வேண்டிய இன்சூரன்ஸ் கம்பெனிகள் பில்லைத் தாமதப்படுத்தின, குறைத்தன. மோசமான அடி என்றால் ஆளைப் பட்டணத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டன. தொழிலாளியின் சொந்த நோய்க்குப் பணம் கொடுப்பார் யாருமில்லை. டாக்டர் திவாலாகும் நிலை. அப்போது ஒரு யோசனை பிறந்தது. அடிபட்ட பிறகு பில் போடுவானேன்? ஆள் ஒன்றுக்கு நாள் ஒன்றுக்கு 5 செண்டு என்று இன்சூரன்ஸ் கம்பெனி முன்கூட்டியே கொடுத்துவிடட்டும். வேலையில் ஏற்படும் காயம் முழுவதையும் ஆஸ்பத்திரி பார்த்துக்கொள்ளும். தொழிலாளியும் தன் சம்பளத்திலிருந்து இன்னொரு 5 செண்டு கொடுத்தால் மற்ற நோய்களையும் பார்க்கும்.

இதன் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. அதுவரை காயம் அதிகமானால் டாக்டருக்கு வருமானம். முன்பணம் வந்த நாள் முதல் காயம் அதிகமானால் டாக்டருக்கு நஷ்டம். அவரே வேலைத் தளத்துக்குப் போய், பலகையில் நீட்டிக்கொண்டிருந்த ஆணிகளை அடித்து வளைத்துவிடச் சொன்னார் என்று கூறுவார்கள். அதே டாக்டர்தான், அதே ஆஸ்பத்திரிதான். பணம் வந்த வழி மாறியதும் வேலையே மாறிப்போயிற்று. 1938இல் கிராண்ட் கூலி அணைக்கட்டில் ஹென்றி கைசர் என்ற முதலாளியின் தொழிலாளர்களுக்கு அவர் இதையே செய்தார். 1945இல் அது பொதுமக்களுக்கும் திறந்துவிடப்பட்டது. துறைமுகத் தொழிலாளர் சங்கம் போன்ற பெரிய சங்கங்கள் தம் அங்கத்தினரைக் கூட்டமாகச் சேர்த்ததால்தான் அது நிலைத்தது. 1973இல் அமெரிக்க அரசாங்கம் இத்தகைய ஸ்தாபனங்களை வளர்க்கச் சட்டமே போட்டது. அதன் பிறகு லாபத்துக்காக நடத்தும் கம்பெனிகள் திரளாக உள்ளே புகுந்தன. நோயாளிக்குச் செலவு செய்யாமல் விட்டாலும் மிச்சம்தானே என்று அவர்கள் கண்டுகொண்டார்கள். ஆணியை வளைப்பதற்குப் பதில், ஆளை வாசலிலேயே திருப்பி அனுப்பினாலும் கணக்கு ஒன்றுதான். அங்கேயும் ஜனங்கள் கொதித்தார்கள்.

இதை நம் வேலையோடு ஒப்பிட்டால் சட்டென்று விளங்கும். பால் எடைக்குக் கூலி என்றால் என்ன நடக்கிறது? உளி ஆழமாக இறங்குகிறது. இன்றைக்குப் பால் கூடும். பட்டையில் காயம் விழும். நாளைக்கு அந்த மரத்தில் முடிச்சு. இனம் இனமாகப் பில் போடும் ஆஸ்பத்திரி அதுதான். ஒரு பரிசோதனை போதுமான இடத்தில் மூன்று நடக்கும். தலைக்கு இவ்வளவு என்று முன்னதாகக் கொடுத்துவிட்டால், அது நாட்கூலி மாதிரி. மண்டோர் அந்தப் பக்கம் போனதும் கை தளரலாம். ஆஸ்பத்திரி நோயாளியைக் குறைவாகக் கவனிக்கலாம். மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது: இன்ன நோய்க்கு இன்ன தொகை என்று கட்டிவிடுவது. எத்தனை நாள் படுத்தாலும் அதே தொகை. இது நிரைக்கு இவ்வளவு என்று பேசிவிடுகிற மாதிரி. அப்போது எல்லாரும் மேட்டு நிரையை விட்டுவிட்டுச் சமதரை நிரையைக் கேட்பார்கள் அல்லவா? ஆஸ்பத்திரியும் லேசான நோயாளியைத் தேடும், சீக்கிரம் வீட்டுக்கு அனுப்பும். அமெரிக்க அரசாங்கம் முதியோர் காப்புறுதியில் 1983இல் இதைக் கொண்டுவந்தது. படுக்கையில் கிடக்கும் நாட்கள் குறைந்தன. நாட்டுப்புறத்துச் சிறு ஆஸ்பத்திரிகள் பல திணறின. நம் நாட்டிலும் இந்த முறையைப் படிப்படியாகக் கொண்டுவரப் போவதாக 2025இல் அரசாங்கமும் நெகாரா பேங்கும் அறிவித்திருக்கின்றன. மூன்றில் எதுவும் தானாகவே நல்லதல்ல. மண்டோர் யார், கணக்கை யார் பார்க்கிறார் என்பதைப் பொறுத்ததுதான் எல்லாம்.

நம் மலாக்காவுக்கு வருவோம். பட்டணத்தில் தனியார் ஆஸ்பத்திரிகள் உயர உயரமாக நிற்கின்றன. சுமத்ராவிலிருந்து கப்பலேறி வந்து வைத்தியம் பார்த்துக்கொண்டு போகிறவர்கள் அவற்றுக்கு ஒரு பக்கம் வருமானம். அட்டைக்காரர்கள் இன்னொரு பக்கம். டாக்டர் வாங்கும் கட்டணத்துக்கு உச்சவரம்பு உண்டு. 1998ஆம் ஆண்டு தனியார் மருத்துவ வசதிகள் சட்டத்தின் கீழ் 2006இல் வந்த விதிகளில் 13ஆவது அட்டவணை அதைக் கட்டுப்படுத்துகிறது. ஆனால் மருந்து, சாமான், கருவி இவற்றின் விலைக்கு அப்படி வரம்பு போடவில்லை. அணைக்கட்டில் ஒரு மதகை மட்டும் அடைத்தால் தண்ணீர் அடுத்த மதகில் பாயும். பஞ்சும் கையுறையும் பக்கம் பக்கமாக வந்தது இதனால்தான்.

இன்சூரன்ஸ் கம்பெனி சும்மா இருக்குமா? நடுவில் ஒரு நிர்வாகக் கம்பெனியை வைக்கிறது. எந்த கிளினிக் பேனலில் இருக்கலாம், எந்தச் சோதனைக்கு அனுமதி, எவ்வளவு தள்ளுபடி என்பதை அது பேசுகிறது. கிளினிக் டாக்டருக்குப் பணம் தாமதமாகப் போகிறது, தள்ளுபடியும் கேட்கிறது. ஆஸ்பத்திரி அந்தக் குறைவை வேறு பில்லில் ஏற்றுகிறது. 1998ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இத்தகைய கம்பெனிகளைப் பற்றித் தனிப் பகுதி இருக்கிறது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. நோயாளிக்கு என்ன வைத்தியம் என்று தீர்மானிக்கும் அதிகாரத்தை டாக்டரிடமிருந்து மாற்றுகிற ஒப்பந்தத்தை ஆஸ்பத்திரி செய்துகொள்ளக் கூடாது என்று அது சொல்கிறது. நாளைக்கு ஒருவர் உங்களிடம் "கம்பெனி அனுமதிக்கவில்லை, ஆகவே இந்த வைத்தியம் இல்லை" என்று சொன்னால், "டாக்டர் என்ன சொன்னார்?" என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

இந்த இழுபறியின் முடிவு சந்தாவில் வந்து விழுகிறது. 2021 முதல் 2023 வரை மூன்று ஆண்டுகளில் மருத்துவக் காப்புறுதிக் கோரிக்கைகளின் செலவு மொத்தத்தில் 56 சதவிகிதம் உயர்ந்தது. கம்பெனிகள் சந்தாவை ஏற்றின. ஜனங்கள் கூச்சலிட்ட பிறகு 2024 டிசம்பரில் நெகாரா பேங்க் தலையிட்டு, ஏற்றத்தைக் குறைந்தது மூன்று ஆண்டுகளுக்குப் பரப்ப வேண்டும், பத்தில் எட்டுப் பேருக்காவது வருட ஏற்றம் 10 சதவிகிதத்துக்குள் இருக்க வேண்டும் என்றது. கவனியுங்கள். ஏற்றம் ரத்தாகவில்லை, தவணையாயிற்று. 2024 செப்டம்பர் முதல் நோயாளியும் பில்லில் ஒரு பங்கு கொடுக்கிற மாதிரித் திட்டங்களைக் கம்பெனிகள் வைத்திருக்க வேண்டும் என்றும் விதி வந்தது. சந்தா குறையும், படுக்கும்போது கையிலிருந்து போகும். மாதச் சம்பளக்காரக் கிராணி சமாளிப்பார். மழை பெய்தால் வெட்டு இல்லாத நாளில் படுக்கிற தொழிலாளி என்ன செய்வான்?

சந்தா கட்ட முடியாதவர்கள் அட்டையை விட்டுவிடுகிறார்கள். விட்டுவிட்டு எங்கே போகிறார்கள்? மலாக்கா ஆஸ்பத்திரிக்கு, ஜாசின் ஆஸ்பத்திரிக்கு, அலோர்காஜா ஆஸ்பத்திரிக்கு. நம் அங்கத்தினர் ஐந்தாம் நாள் போன இடத்துக்கு.

அரசாங்க ஆஸ்பத்திரியின் கணக்கு முற்றிலும் வேறு. வெளிநோயாளிக்கு 1 வெள்ளி, நிபுணரைப் பார்க்க 5 வெள்ளி. செலவில் 98 சதவிகிதம் அரசாங்கம் தாங்குகிறது என்று சுகாதார அமைச்சர்கள் பலமுறை சொல்லியிருக்கிறார்கள். அந்த 1 வெள்ளியும் ஆஸ்பத்திரிக்குச் சேர்வதில்லை; அரசாங்கக் கருவூலத்துக்குப் போகிறது. வருடாந்தர ஒதுக்கீடு மட்டுமே ஆஸ்பத்திரிக்கு. ஆகவே தனியார் ஆஸ்பத்திரிக்கு நூறு நோயாளி கூடினால் லாபம். அரசாங்க ஆஸ்பத்திரிக்கு நூறு நோயாளி கூடினால் வரிசை. மருந்து அதே அளவு, தாதி அதே எண்ணிக்கை, பெஞ்சில் உட்கார இடம் மட்டும் இல்லை. டாக்டர்கள் சம்பளம் கூடுதலாகக் கிடைக்கும் உயரக் கட்டடத்துக்குப் போய்விடுகிறார்கள். காலையில் ஆறு மணிக்கு நம்பர் எடுத்தவர் பிற்பகல் மருந்து வாங்கி வருவது இதனால்தான்; தாதியைத் திட்டிப் பயனில்லை.

இதைச் சரிசெய்ய எல்லாரையும் ஒரே காப்புறுதியில் சேர்த்துவிடலாம் என்ற பேச்சு இந்த நாட்டில் பல தடவை எழுந்து அடங்கியிருக்கிறது. 2009ஐ ஒட்டி "ஒன் கேர்" என்ற பெயரில் வந்தது. சம்பளத்தில் இன்னொரு பிடித்தமா என்று எதிர்ப்பு எழுந்ததும் கிடப்பில் போய்விட்டது. 2023 ஜூனில் நாடாளுமன்றம் ஏற்றுக்கொண்ட சுகாதார வெள்ளை அறிக்கையும் பணம் திரட்டும் முறையை மாற்ற வேண்டும் என்றுதான் சொல்கிறது. ஆகவே இந்தக் கேள்வி நம் வாசலுக்கு மறுபடியும் வரும்.

அடுத்த வீட்டுக்காரன் செய்து பார்த்திருக்கிறான். தாய்லாந்தில் 2001இல் ஒரு தடவைக்கு 30 பாட் என்ற திட்டம் வந்தது. அந்நாளைய நம் கணக்கில் இரண்டரை வெள்ளிக்குச் சற்று மேல். ஆஸ்பத்திரிக்குத் தலைக்கு இவ்வளவு என்று அரசாங்கம் கொடுத்தது. 2002இல் அது 1,202 பாட். பணம் ஆளைத் தேடிப் போயிற்று. ஜனம் நிறைந்து டாக்டர் குறைந்த வடகிழக்கு மாவட்டங்களுக்கு அதிகம் கிடைத்தது. டாக்டர்கள் நிறைந்த தலைநகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிகளுக்குச் சம்பளம் கொடுக்கவே தட்டுப்பாடு வந்தது. அவற்றைக் காப்பாற்றத் தனி நிதி வைக்க வேண்டியதாயிற்று. ஒரே சட்டம், ஒரு பக்கம் விளக்கேற்றியது, இன்னொரு பக்கம் எண்ணெயைக் குறைத்தது.

நம் முன்னோர் புறப்பட்டு வந்த தமிழ்நாட்டில் வேறு விதம். அங்கே 2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தது. ஒரு குடும்பத்துக்கு நான்கு ஆண்டுகளில் ஒரு லட்சம் ரூபாய் வரை. சந்தாவை அரசாங்கமே ஒரு தனியார் இன்சூரன்ஸ் கம்பெனிக்குக் கட்டியது. 2012 ஜனவரியில் ஆட்சி மாறிய பின் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக, அரசாங்க இன்சூரன்ஸ் கம்பெனி வழியாக நடந்தது. ஏழைகளுக்கு இருதய ஆபரேஷன் கைக்கெட்டியது. அதைக் குறைத்துப் பேச மாட்டோம். சர்க்கார் ஆஸ்பத்திரிகளும் செய்த ஆபரேஷனுக்குக் காப்புறுதியிடம் பணம் கேட்டு வாங்கலாம் என்றாயிற்று. ஒதுக்கீட்டை மட்டும் எதிர்பார்த்துக் கிடந்த ஆஸ்பத்திரிக்குத் தன் வேலைக்கென்று ஒரு வருமானம் வந்தது. அதில் ஒரு பகுதி ஊழியருக்கு ஊக்கத்தொகை, மற்றது கருவிக்கும் கட்டடத்துக்கும். ஆனால் காப்புறுதி பணம் கொடுப்பது பெரும்பாலும் படுக்கை வைத்தியத்துக்கு. தினசரி சர்க்கரை மாத்திரைக்கும் காய்ச்சலுக்கும் அல்ல. காசு இருக்கும் பக்கம் கவனம் திரும்பும் என்ற கவலை அங்கேயும் இருக்கிறது. கால் அழுகிய பின் வெட்டப் பணம் உண்டு, அழுகாமல் பார்க்கப் பணம் இல்லை என்றால் அது எந்த ஊர் நியாயம்?

இப்போது நமக்கு மிகப் பக்கத்தில் இருக்கும் ஓர் உதாரணம். பெம்பானில் சொக்சோவின் துன் அப்துல் ரசாக் மறுவாழ்வு மையம் இருக்கிறது, 2014இல் திறக்கப்பட்டது. எத்தனை பேர் உள்ளே போய்ப் பார்த்திருக்கிறீர்கள்? கை தூக்கியவர்கள் மூன்று பேர். சொக்சோ 1969ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிறந்தது. முதலாளி 1.75 சதவிகிதமும் நாம் அரை சதவிகிதமும் கட்டுகிறோம். சரிவில் வாளியோடு விழுந்து இடுப்பு ஒடிந்த ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் எழுந்திருக்காவிட்டால் சொக்சோ வாழ்நாள் முழுவதும் பென்ஷன் கொடுக்க வேண்டும். எழுந்து மறுபடி வேலைக்குப் போனால் சொக்சோவுக்கும் மிச்சம், அவருக்கும் வாழ்வு. ஆகவே அந்தக் காப்புறுதி தானே ஆஸ்பத்திரி கட்டிக்கொண்டு, நடக்கப் பழக்குகிறது, செயற்கைக் கால் செய்து மாட்டுகிறது, வேறு தொழில் கற்றுக்கொடுக்கிறது. 2007 முதல் வேலைக்குத் திரும்பும் திட்டம் நடக்கிறது. பாலைவனத்து டாக்டர் ஆணியை வளைத்தாரே, அதே கணக்கு. பணம் கொடுப்பவனுக்கு நீ குணமாவதில் லாபம் இருந்தால் அவன் உன்னைக் குணப்படுத்த ஓடிவருவான்.

ஆனால் சொக்சோ எல்லாவற்றுக்கும் அல்ல. வேலைக் காயம், இயலாமை, தகுதியுள்ள சந்தாதாரருக்கு டயாலிசிஸ் ஆகியவற்றுக்கு உண்டு. மனைவியின் காய்ச்சலுக்கும் பிள்ளையின் இழுப்புக்கும் இல்லை. அந்த இடத்தைத்தான் முன்பு டிரசர் நிரப்பினார்.

இன்னொரு விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். இன்று நம் பக்கத்து நிரையில் வெட்டுபவர் பெரும்பாலும் இந்தோனேசியர், வங்காளதேசி, நேப்பாளி. வெளிநாட்டவருக்கு அரசாங்க ஆஸ்பத்திரிக் கட்டணம் பல மடங்கு. அவர்களுக்காக 2011 ஜனவரியில் வருடம் 120 வெள்ளிச் சந்தாவில் 10,000 வெள்ளி வரை தாங்கும் காப்புறுதி கட்டாயமாக்கப்பட்டது. தோட்டத் துறைக்கும் வீட்டுப் பணிப்பெண்களுக்கும் அதைக் கட்டாயமாக்கவில்லை. தோட்டத்தில்தான் முதலாளி வைத்தியம் தருகிறாரே என்பது காரணம். மருந்தகத்தை மூடிவிட்டு அந்தக் காரணத்தை மட்டும் வைத்துக்கொள்வது நியாயமாகுமா? அவன் பில் கட்ட முடியாமல் போனால் அதுவும் ஆஸ்பத்திரியின் வராக்கடனில் விழுகிறது. 2019 ஜனவரி முதல் அவன் வேலைக் காயத்துக்குச் சொக்சோவில் சேர்ந்திருக்கிறான். அதையும் அவனுக்கு நாம்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

சரி, நிர்வாகத்தின் யோசனைக்கு என்ன பதில்? அட்டை வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. ஆபரேஷன் என்று வந்தால் அட்டை ஒரு நல்ல துணை. ஆனால் மருந்தகத்துக்குப் பதிலாக அட்டை என்பதை ஏற்க முடியாது. 1990ஆம் ஆண்டுத் தொழிலாளர் வீட்டு வசதிச் சட்டத்தில் தோட்டத்தின் மருத்துவ வசதி முதலாளியின் பொறுப்பு என்றே இருக்கிறது. அட்டை கொடுத்தால் அந்தப் பொறுப்பு ஒரு கம்பெனிக்குக் கைமாறுகிறது. மறுவருடம் சந்தா ஏறியதும் வரம்பைக் குறைப்பார்கள். அதற்கடுத்த வருடம் குடும்பத்தை நீக்குவார்கள். ஓய்வு பெற்ற அன்று அட்டை செல்லாது. நாற்பது வருடம் வெட்டியவருக்கு 60 வயதில்தான் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் முற்றுகின்றன. அந்த வயதில் தனியாகச் சந்தா கட்ட அவரால் ஆகாது. மூடிய மருந்தகத்தைத் திறப்பவர் யாரும் இருக்க மாட்டார். பேனல் கிளினிக் பட்டணத்தில் இருக்கும். இரவில் செங்கிலிருந்தோ உள்தோட்டத்திலிருந்தோ போக வண்டிச் செலவு யாருடையது?

ஒரு கிராணித் தோழர் முன்வரிசையிலிருந்து கேட்டார்: "டிரசர் சம்பளமும் மருந்துச் செலவும் தோட்டத்துக்குச் சுமைதானே, பனை எண்ணெய்க்கு மாறிய தோட்டத்தில் ஆளே குறைந்துவிட்டதே?" நியாயமான கேள்வி. ஆள் குறைந்த தோட்டங்கள் பழைய குழு ஆஸ்பத்திரி மாதிரிச் சேர்ந்து ஒரு டிரசரை வைத்துக்கொள்ளலாம். வாரத்தில் இத்தனை நாள் இந்தத் தோட்டம் என்று முறை வைக்கலாம். அதைப் பேச நாங்கள் தயார். இரத்தத்தில் சர்க்கரை பார்க்கும் ஒரு சிறு கருவியும், மாத்திரை தவறாமல் போடுகிறாரா என்று கேட்கும் ஓர் ஆளும் தோட்டத்தில் இருந்தால், எத்தனை பேர் டயாலிசிஸ் நாற்காலிக்குப் போகாமல் தப்புவார்கள் என்பதையும் கிராணித் தோழர் கணக்கில் சேர்த்துப் பார்க்கட்டும்.

அதுவரைக்கும் நமக்கு இருப்பதையாவது விடக் கூடாது. 40 வயதுக்கு மேற்பட்ட குறைந்த வருமானக்காரருக்கு 2019இல் தொடங்கிய பெக்கா பி40 திட்டத்தில் இலவசப் பரிசோதனை உண்டு. அரசாங்க ஆஸ்பத்திரியில் உள்ளே பொருத்தும் கருவி வாங்க 20,000 வெள்ளி வரை உதவியும் உண்டு. சொக்சோவும் 2013 முதல் 40 வயதானவருக்குப் பரிசோதனை ஏற்பாடு செய்திருக்கிறது. கடிதம் வந்தால் அடுப்பில் போடாதீர்கள். பலர் போட்டிருக்கிறீர்கள், எங்களுக்குத் தெரியும்.

வருகிற மாதக் கூட்டத்துக்கு, அட்டை வைத்திருக்கிற ஒவ்வொருவரும் அதையும் அதனோடு கொடுத்த காகிதத்தையும் கொண்டுவர வேண்டும். வருட வரம்பு எவ்வளவு, பழைய நோய்க்கு எத்தனை மாதம் காத்திருக்க வேண்டும், மனைவி மக்கள் உண்டா, வேலை விட்டால் என்ன ஆகும் என்பதைப் படித்துச் சொல்லக் கிராணிமாரில் இருவர் முன்வர வேண்டும். அது மலாயிலும் ஆங்கிலத்திலும் பொடி எழுத்தில் இருக்கும். டிரசர் வேலை இடத்தை நிரப்பச் சொல்லி நிர்வாகத்துக்கு எழுதிய கடிதம் இந்த மேசைமேல் இருக்கிறது. கையெழுத்துப் போடுகிறவர்கள் தேநீர் குடிக்கப் போகுமுன் போட்டுவிட்டுப் போகலாம்.